நான்காம் ஜன்னலின் கழுத்து

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் நான்காம் ஜன்னலில் பெயர்த் திருத்தம் பார்த்துவந்த எழுத்தருக்குக் கழுத்து இடது பக்கம் திரும்பிக்கொண்டது. ஒரே நாளில் அல்ல. அந்த அலுவலகத்தில் எதுவும் ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் லேசாக இழுத்தது. பிறகு வலித்தது. ஆறு மாதத்தில் முகம் முழுக்கச் சுவரைப் பார்த்தது. கையால் தாடையைப் பிடித்துத் திருப்பினால் வரும். கையை எடுத்தால் பழையபடி போய்விடும்.

வீட்டில் அவர் மனைவி முதல் வாரமே கவனித்துவிட்டார். "என்னங்க, நான் இந்தப் பக்கம் இருக்கேன்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் முறை நாற்காலியைத் தூக்கி அவருடைய இடது பக்கம் போட்டுக்கொண்டார்.

அலுவலகத்தில் இரண்டு வருடம் யாரும் கவனிக்கவில்லை. ஜன்னலில் நிற்பவர்கள் "சார்... சார்..." என்பார்கள். படிவத்தைக் குனிந்து படிக்க முடியாமல், வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தபடி, அவர் சுவரிடம் "நாளைக்கு வாங்க" என்பார். இதில் நோய்க்கான அறிகுறி எங்கே இருக்கிறது? மற்ற மூன்று ஜன்னல்களிலும் கழுத்து நன்றாக இருந்தவர்களே அப்படித்தான் பேசினார்கள். அந்த ஆண்டு, "பொதுமக்களிடம் அநாவசிய நெருக்கம் காட்டாத முன்மாதிரி ஊழியர்" என்று அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ்கூட வழங்கப்பட்டது.

வினை ஆணையர் உருவில் வந்தது. 'மக்களை முகம் பார்த்துப் பேசுவோம்' என்ற இயக்கத்தைத் தொடங்கிவைக்க வந்த ஆணையர், எழுத்தரின் வலது பக்கம் நின்று நாற்பது நிமிடம் உரையாற்றினார். எழுத்தர் நாற்பது நிமிடமும் மின்விசிறியின் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் குறிப்பாணை வந்தது: "மேன்மைமிகு ஆணையர் அவர்கள் திருவாய் மலர்ந்தருளிய வேளையில் முகத்தைத் திருப்பிக்கொண்ட குற்றத்திற்காகத் தங்களை ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது?"

எழுத்தர் பிரிவுத் தலைவரிடம் ஓடினார்.

"சார், வேணும்னு செய்யலை. கழுத்து தானா திரும்புது."

"ஆதாரம்?" என்றார் பிரிவுத் தலைவர், கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இதோ, பாருங்க சார்."

"நான் எதுக்குய்யா பார்க்கணும்? நான் என்ன டாக்டரா? மூளைப் படம் கொண்டு வாங்க. இப்ப எல்லாத்துக்கும் மூளைப் படம்தான்."

அவர் சொன்னது உண்மை. ஆணையர் தலைவலி என்று போய் எடுத்த மூளைப் படத்தைச் சட்டம் போட்டுத் தம் அறையில் மாட்டியதிலிருந்து, துணை ஆணையர்களும் படம் எடுத்துக்கொண்டார்கள். மூளை இருப்பதற்கு எழுத்துபூர்வமான சான்று கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

எழுத்தரும் ஸ்கேன் எடுத்தார். "மூளை இயல்பாக உள்ளது" என்று அறிக்கை வந்தது. பிரிவுத் தலைவர் அதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டார். "மூளை நல்லாத்தான் இருக்கு. அப்போ தப்பு உங்க பேர்லதான்."

மனைவி அவரை நரம்பியல் டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனார். எழுத்தர் கதவைத் திறந்து நாலடி வைப்பதற்குள் டாக்டரம்மா, "எத்தனை வருஷமா இப்படி இருக்கு?" என்றார். எழுத்தருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவரை யாரோ நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

"இதுக்கு டிஸ்டோனியான்னு பேர். மூளை தசைக்குத் தப்பா உத்தரவு அனுப்புது. நீங்க வேணும்னு செய்யலை."

"மூளை நல்லா இருக்குன்னு படம் சொல்லுதே டாக்டர்?"

"உங்க ஆபீசைத் தெருவுல நின்னு போட்டோ எடுத்தா எப்படி இருக்கும்? சுவர் நேரா நிக்கும், ஜன்னல் எல்லாம் சரியா இருக்கும். உள்ளே வேலை நடக்குதான்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அதேதான்."

அவர் எழுதிக் கொடுத்த சான்றிதழ் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. "மருத்துவர் கண்ணால் மட்டுமே பார்த்துள்ளார். ஏற்கத்தக்கதல்ல."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "இன்னொரு வகைப் படம் இருக்கு. விரலைத் தட்டச் சொல்லி, அந்த நேரத்துல மூளையில எங்கெங்க வேலை நடக்குதுன்னு கலர்ல காட்டும். நோய் இருக்கிறவங்க, இல்லாதவங்க ரெண்டு தரப்பையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறோம். ஆனா அது ஆராய்ச்சி. ஒரே ஒருத்தர் படத்தை வச்சுக்கிட்டு இவருக்கு நோய்னு சொல்ல முடியாது."

எழுத்தர் போய்ச் சொன்ன இந்த நீண்ட விளக்கத்தில் அலுவலகத்தின் காதில் விழுந்தது ஒரே சொல்: கலர். ஆணையர், "நோய் இல்லாதவர்கள்" பட்டியலில் உடனே பெயர் கொடுத்தார்.

எழுத்தரின் தலைக்கு இரு பக்கமும் மெத்தை வைத்து உள்ளே அனுப்பினார்கள். கடகடவென்ற சத்தத்தில், வலியோடு, சொன்னபோதெல்லாம் விரலைத் தட்டினார். அடுத்து ஆணையர் உள்ளே போனார். "இப்போ தட்டுங்க சார்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். விரல் அசையவில்லை. ஆணையர் தூங்கிவிட்டிருந்தார்.

படங்கள் பெயரில்லாமல் எண்ணோடு வந்தன. பதினேழாம் எண் எழுத்தருடையது; மஞ்சளும் சிவப்புமாகத் தீப்பிடித்ததுபோல் இருந்தது. பதினெட்டாம் எண் ஆணையருடையது; சாம்பல் நிறத்தில் அமைதியாக இருந்தது. அலுவலகம் இரண்டையும் பார்த்தது. வண்ணம் நிறைந்தது ஆணையருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை. அது சட்டத்துக்குள் போனது. சாம்பல் படம் எழுத்தரின் கோப்புக்குள் போனது.

ஆணையரே விசாரித்து ஆணையிட்டார்: "படத்தைக் கூர்ந்து நோக்கினோம். மூளையில் குறிப்பிடத்தக்க அசைவு ஏதும் இல்லை. இத்தகைய மூளையுடன் ஒருவர் இத்தனை ஆண்டுகள் அரசுப் பணியில் நீடித்தது வியப்புக்குரியது. கருணை அடிப்படையில் வேலையில் தொடர அனுமதிக்கப்படுகிறார்."

உத்தரவை வாங்க ஆணையர் அறைக்குப் போன எழுத்தர், படம் எடுத்த அன்று தமக்குக் கொடுத்த பதினேழு என்ற எண்ணைச் சுவரில் பார்த்தார். அவர் கழுத்து திரும்பியிருந்த பக்கத்தில்தான் அது மாட்டியிருந்தது. வீட்டில் மனைவியிடம் சொன்னார்.

"போய்ச் சொல்லிடுங்களேன்" என்றார் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"எதுக்கு? வேலை போயிடும்."

டாக்டரம்மா கழுத்துத் தசையில் ஊசி போட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். இரண்டாம் வாரம் வலி இறங்கியது. ஒரு காலை, எழுத்தர் கையை எடுத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். முகம் நேராகவே நின்றது. மனைவி நாற்காலியை எடுத்து அவருக்கு எதிரே போட்டார். அன்று இருவரும் காபியை ஆறவிட்டார்கள்.

அதே உற்சாகத்தோடு எழுத்தர் நான்காம் ஜன்னலில் உட்கார்ந்தார். முதலில் வந்தவரின் முகத்தை நேராகப் பார்த்து, "வணக்கம். சொல்லுங்க, என்ன திருத்தணும்?" என்றார். வந்தவர் இரண்டடி பின்வாங்கினார். "இல்லைங்க, சும்மா கேட்டுட்டுப் போகலாம்னு..." என்று நழுவினார். அடுத்த அம்மாள் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். பத்தே நாளில் பொதுமக்கள் முப்பத்திரண்டு பேர் கையெழுத்திட்ட மனு ஆணையரிடம் போனது: "நான்காம் ஜன்னல் ஊழியர் எங்களை உற்றுப் பார்க்கிறார். சிரிக்கிறார். அன்றைக்கே வேலையை முடித்துக் கொடுக்கிறார். உள்நோக்கம் என்னவென்று தெரியவில்லை. விசாரிக்க வேண்டுகிறோம்."

போன வாரம் என் பெண்ணின் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்த நானும் போயிருந்தேன். நான்காம் ஜன்னலில் ஈ காக்கைகூட இல்லை. எழுத்தர் என்னைப் பார்த்து, "வாங்க சார்" என்றார். எனக்கு என்னவோ போல் இருந்தது. மூன்றாம் ஜன்னலில் நாற்பது பேர் நின்றார்கள்; அங்கே இருந்தவர் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. முறையாக நடக்கும் இடம் என்று மனதுக்குப் பட்டது. நாற்பத்தோராவது ஆளாக அங்கே போய் நின்றுகொண்டேன்.