கிழக்கே வழிந்த பால்

யாழ்ப்பாணத்தில் புகையோடு நேருக்கு நேர் சண்டைக்குப் போன ஒரே மனிதர் கோப்பாயில் எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், இருந்த அடுப்பண்ணைதான். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டுமே தெரியும்.

உண்மையில் அவர் தண்ணீர்ப் பம்பு திருத்துபவர். தொண்ணூறுக்குப் பிறகு யுத்தகாலப் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கண்ணில் காணக் கிடைக்காமல் போக, பம்புகள் ஓய்ந்தன. அவர் ஓயவில்லை. கலியாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டார். நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டியின் அடியை விரலால் சுரண்டுவார்.

"தங்கச்சி, உது கரியில்லை. நீர் எரிக்காமல் விட்ட விறகு."

தகர வாளிக்குள் களிமண்ணும் உமியும் குழைத்துப் பூசி, வாரம் ஒரு அடுப்புச் செய்வார். அதில் தண்ணீர் கொதிக்கவைத்து, பிடித்த நேரத்தைச் சுவரில் கரியால் எழுதுவார். பிடிக்காவிட்டால் உடைப்பார்.

மனைவி மலரக்காவோ மூன்று கல்லை வைத்து, கண் சிவக்க இருமி இருமி ஊதிக்கொண்டிருந்தார். அந்த இருமலை நிறுத்தத்தான் மனிதர் இவ்வளவு பாடும் பட்டார். ஆனால் மலரக்கா வாளியை உள்ளே விடவில்லை.

"பொங்கலுக்கு உதிலை பொங்கிக் காட்டுங்கோ. பிறகு அடுப்படிக்கை கொண்டு வாங்கோ."

பொங்கலன்று முற்றத்தில் கோலம் போட்டு வாளியை வைத்தார். ஒழுங்கையே வந்து நின்றது. ஐந்தே தேங்காய்ச் சிரட்டை எரித்ததில் பால் பொங்கியது, புகையே இல்லை. அண்ணை நெஞ்சை நிமிர்த்தினார். வழிந்த பால் நேரே அடுப்புக்குள் இறங்கி நெருப்பை அணைத்தது. வருசம் முழுக்கத் தண்ணீரை மட்டுமே கொதிக்கவைத்தவர், பொங்கல் என்றால் வழிய வேண்டும் என்பதை மறந்துபோனார். மலரக்கா பானையைத் தூக்கி மூன்று கல்லில் வைத்தார்.

அடுத்த பொங்கலுக்குப் புது வாளி வந்தது. பானையைச் சுற்றித் தோட்டத்துப் பாத்திபோல மண் வரம்பு. பால் வெளியே ஓடக் கிழக்குப் பக்கம் ஒரு வாய்க்கால்.

"பால் கிழக்கை வழிஞ்சால் நல்லதெண்டு சனம் பாத்துக்கொண்டு நிக்குது. நீங்கள் வாய்க்காலே வெட்டிப்போட்டியள். சூரியனை ஏமாத்திறியளோ அண்ணை?" என்று கேட்டேன்.

"ஏமாத்தேல்லை தம்பி. ஒத்தாசை செய்யிறன்."

பால் பொங்கியது. வரம்புக்குள் சுற்றி, வாய்க்காலால் கிழக்கே ஓடியது. நெருப்பு அசையவில்லை. பொங்கல் வெந்து இறங்கியது. சனம் கைதட்ட, அண்ணை மலரக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மலரக்கா உள்ளே போய், அந்த மூன்று கல்லையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து கிணற்றடியில் போட்டார்.

"உடுப்புத் தோய்க்க உதவும். இஞ்சேருங்கோ, வாளியை உள்ளுக்கு வையுங்கோ."

அந்த வருசமே ஒழுங்கையில் வீட்டுக்கு ஒரு வாளி வந்துவிட்டது. பழைய கரியைக் கழுவியபோதுதான் எங்கள் அடுப்படிச் சுவர் வெள்ளை நிறம் என்பது எனக்குத் தெரியவந்தது.

இப்போது என் வீட்டில் காஸ் அடுப்பு. பொங்கலன்று பால் வழிந்தால் அணைந்துபோகிறது. அப்போதெல்லாம் என் மனம் அடுப்பண்ணையைத் தேடுகிறது.