காட்டில் மட்டுமே வாழும் விலங்கு

கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டப் பள்ளிகளில் அந்த ஆண்டு அரிய விலங்குகளுக்கு மவுசு. பத்தியை வாசித்துக் கேள்விக்கு விடை சொல்லும் கருத்துணர்தல் பாடத்தில் இனி ஆடு மாடு கூடாது; மாணவர் அறிவு விரிவடைய, அவர்கள் கண்ணால் காணாத விலங்குகளையே வாசிக்க வேண்டும் என கல்வி அலுவலகத்தின் வாசிப்பு மேன்மைப் பிரிவு பெருங்கருணையுடன் தீர்மானித்திருந்தது.

சந்திரிகா டீச்சர் வகுப்புக்கு எறும்புத்தின்னி வாய்த்தது. டீச்சரின் கவலையோ தலைக்கு மேலே. கரையான் அரித்த உத்திரத்திலிருந்து பிள்ளைகள் தலையில் தூள் கொட்டிக்கொண்டிருந்தது. மேற்பார்வைக்கு வரும் அதிகாரி அறிக்கையில் ஒரு வரி எழுதினால்தான் கூரைக்கு விமோசனம்.

அதிகாரி உடையப்பன் வந்தார். கேட்டார்.

“எறும்புத்தின்னி எங்கே வாழ்கிறது?”

“அடர்ந்த காட்டில் மட்டும், ஐயா” என்றது வகுப்பு.

“நம்ம அலமாரிக்குப் பின்னால, ஐயா” என்றாள் புஷ்பவள்ளி.

“அது எந்த வரியில் இருக்கிறது?”

“வரியில இல்லங்கய்யா. அலமாரிக்குப் பின்னாலதான்.”

டீச்சர் அலமாரியை நகர்த்தினார். இரவெல்லாம் தின்ற களைப்பில் அங்கே தூங்கிய பிராணி திடுக்கிட்டுப் பந்தாகச் சுருண்டு, அதிகாரியின் சப்பாத்துக் காலடி வரை உருண்டு வந்து நின்றது.

உடையப்பன் அதைப் பார்த்தார். பிறகு பாடப்பகுதியைப் பார்த்தார்.

“இது எறும்புத்தின்னி அன்று.”

“செதில் இருக்கே, சார்” என்றார் டீச்சர்.

“இருக்கலாம். எறும்புத்தின்னி காட்டில் மட்டுமே வாழும். இது பள்ளியில் இருக்கிறது.”

“அது பாடம் படிக்கலல்ல. அதான் தெரியாம வந்துருச்சு” என்றான் பின்பெஞ்சு ராஜு.

“கரையான் தின்ன வருது, சார்” என்றார் டீச்சர். “உத்திரம் பூரா கரையான். அதை மட்டும் எழுதிடுங்களேன்.”

“யோசிச்சுப் பேசுங்க, டீச்சர். கரையானை எழுதினால் அதைத் தின்ன வந்ததையும் எழுதணும். எழுதினால் பாடப்பகுதி தவறென்றாகும். அதை அங்கீகரித்தவன் நான். ஆகவே எறும்புத்தின்னி இல்லை. தின்ன ஆளில்லாத இடத்தில் கரையானுக்கு என்ன வேலை? கரையான் இல்லையெனில் உத்திரம் உறுதி.”

அப்படியே எழுதினார். தாளில் தூள் விழுந்தது, ஊதிவிட்டு நீட்டினார்.

“நீங்களும் ஒப்பமிடுங்க. சுங்கை பெசாருக்கு மாற்றல் கேட்டிருக்கீங்கல்ல?”

டீச்சரின் கணவரும் கைக்குழந்தையும் சுங்கை பெசாரில் இருந்தார்கள். டீச்சர் மேலே ஒருமுறை பார்த்தார். ஒப்பமிட்டார்.

அறிக்கையின் நடை சிறந்திருந்ததால், மறு பள்ளித் தவணையில் அதுவே எல்லாப் பள்ளிகளுக்கும் கருத்துணர்தல் பகுதியானது. மாற்றல் மட்டும் வரவில்லை. டீச்சர் அந்தப் பகுதியை நடத்திய அன்று உத்திரத்தில் ஒரு துண்டு முறிந்து, முன்னெச்சரிக்கையாகக் காலி செய்திருந்த முன்பெஞ்சில் விழுந்தது. தூசி அடங்கும்வரை டீச்சர் காத்திருந்தார்.

“கூரை எப்படி இருக்கிறது, புஷ்பவள்ளி?”

புஷ்பவள்ளி மேலே பார்க்கவில்லை. தாளில் விரல் வைத்து வரியைத் தேடினாள்.

“உறுதியாக இருக்கிறது, டீச்சர்.”

டீச்சர் முழு மதிப்பெண் போட்டார். பிறகு தம் நாற்காலியை வாசலுக்கு வெளியே தூக்கிப் போட்டுக்கொண்டு, அங்கிருந்தே அடுத்த கேள்வியைக் கேட்டார்.