சகலையின் பின்சீட்டு

"பிளேடை எடுங்க," என்றார் மெத்தைக் கடைக்காரர்.

தையல்காரம்மா எடுக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கில், பஞ்சு மூட்டைகளுக்கும் ஸ்பாஞ்சு அடுக்குகளுக்கும் நடுவே அது நின்றுகொண்டிருந்தது. கிடங்கில் பாதியை அதுவே அடைத்துக்கொண்டது.

"யாரு காருங்கய்யா இது?"

"என் சகலை காரு."

"அவரு பிரிக்கச் சொன்னாரா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குப் பிரிக்கறீங்க?"

"பின்சீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கணும். சும்மா ரெண்டு விரல் அகலம். பார்த்துட்டு உடனே மூடிடலாம்."

"வயித்தைக் கிழிக்கறதுக்கு முன்னாடி டாக்டருங்களும் இப்படித்தான் சொல்றாங்க," என்றார் தையல்காரம்மா. ஆனாலும் பிளேடை எடுத்து நீட்டினார். சம்பளம் கொடுக்கிற கை கேட்கும்போது வேறு என்ன செய்வது.

மெத்தைக்காரருக்கு வந்திருந்த வியாதிக்குப் பெயர் பொறாமை. அவர் அதற்கு வேறு பெயர் எதுவும் வைத்து மழுப்பவில்லை. மனைவியின் அக்காவைக் கட்டியவர்தான் இந்தச் சகலை. ஒரு காலத்தில் இரண்டு பேரும் மாமனார் வீட்டுக்கு ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவர்கள். பிறகு சகலை கட்டட காண்ட்ராக்டர் ஆனார். அப்புறம் பெரிய காண்ட்ராக்டர் ஆனார். இப்போது கார் வாங்கிவிட்டார். அதுவும் எப்படிப்பட்ட கார்? கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்து, ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்து, அவருக்கென்றே கையால் செய்யப்பட்ட கார்.

வாங்கினோமா, வீட்டில் நிறுத்தினோமா என்று இருந்திருந்தால் மெத்தைக்காரர் எப்படியோ செரித்திருப்பார். சகலைக்கு அதை வர்ணிக்காவிட்டால் சோறு இறங்காது.

"சகலை, கதவை அடிச்சுச் சாத்தாதீங்க. தொட்டா போதும், அதுவே மூடிக்கும்."

மெத்தைக்காரரின் காரில் கதவை மூன்று தடவை அடித்தால்தான் சாத்திக்கொள்ளும். நாலாவது தடவை கண்ணாடி உள்ளே விழுந்துவிடும்.

"இந்தத் தோல் இருக்கே, வேலியே இல்லாத மேய்ச்சல்ல வளர்ந்த மாட்டோடது. வேலிக் கம்பி பட்டு ஒரு கீறல் விழுந்துடக் கூடாது பாருங்க."

மாட்டுக்குக் கிடைத்த வாழ்க்கைகூட நமக்குக் கிடைக்கவில்லையே என்று மெத்தைக்காரர் நினைத்துக்கொண்டார்.

"நின்ன இடத்துலேருந்து நூறு கிலோமீட்டர் வேகம். நீங்க ஒரு கொட்டாவி விட்டு முடிக்கறதுக்குள்ள. ஆனா கையில இருக்கற காபி ஆடாது. கூரையைப் பாருங்க, அத்தனையும் நட்சத்திரம். ஒவ்வொரு விளக்கையும் ஓட்டை போட்டுக் கையாலயே மாட்டியிருக்கான்."

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அன்றைக்கு நாலு பேருமாக அந்தக் காரில் வெளியூர் போனார்கள். அக்கா, தங்கை, சகலை மூவரும் பின்னால். மெத்தைக்காரருக்கு டிரைவர் பக்கத்தில் இடம். கொஞ்ச தூரம் போனதும் கண் அசந்தவர் திடுக்கென்று விழித்தபோது, அவருக்கும் பின்சீட்டுக்கும் நடுவே சத்தமே இல்லாமல் ஒரு கண்ணாடி எழும்பிக்கொண்டிருந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தால், சகலையின் விரல் பொத்தான் மேல் இருந்தது. முன்னால் உட்கார்ந்தவனும் டிரைவர்தான் என்று சொல்லாமல் சொல்கிறானா? வயிறு பற்றி எரிய, கண்ணை இறுக மூடிக்கொண்டார். அப்புறம் திறந்தபோது போக வேண்டிய ஊர் வந்திருந்தது.

டிரைவர் காதைக் குடைந்துகொண்டே இறங்கிப் பின்கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து மெத்தைக்காரரின் மனைவி இறங்கினாள். புதுசாகக் கல்யாணமான பெண் மாதிரி முகம் பளிச்சென்று இருந்தது.

"இருபது வருஷத்துல இப்படி ஒரு தூக்கம் தூங்கினதே இல்லங்க," என்றாள்.

ஊரில் பாதிப் பேரைத் தூங்க வைக்கிற மனிதரிடம் அவர் பெண்டாட்டி சொல்கிற பேச்சா இது? இருபது வருஷமாக அவள் படுத்தது அவர் கடை மெத்தையில். அதில் வராத தூக்கம் சகலை கார் சீட்டில் வந்துவிட்டது.

மறுநாளே இலவம்பஞ்சு மெத்தையை எடுத்துப் போட்டுவிட்டு ஸ்பிரிங் மெத்தை கொண்டுபோனார். காலையில் அவள் கண் சிவந்திருந்தது. அடுத்து ரப்பர் மெத்தை. அதற்கடுத்து தேங்காய் நார். அவருக்கு எல்லாவற்றிலும் படுத்தவுடன் தூக்கம் வந்தது. அவள் மட்டும் விடியும்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"மெத்தை குத்துதா?"

"மெத்தை இல்லங்க. நான் என்ன சொல்ல வரேன்னா..."

"புரியுது, புரியுது. இன்னிக்கு வேற கொண்டு வரேன்."

அவள் வாயைத் திறப்பாள். அவர் டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலை அளக்க ஆரம்பித்துவிடுவார்.

அந்த நேரம் பார்த்துச் சகலையே போன் செய்தார். வீட்டு வாசலில் காங்கிரீட் போடுகிறார்களாம். ஒரு நாள் காரை உங்கள் கிடங்கில் நிறுத்திக்கொள்ளலாமா? சாயங்காலம் அங்கேயே வந்து, எல்லாருமாக என் பெண்ணின் பட்டமளிப்பு விழாவுக்குப் போய்விடலாம்.

"தாராளமா," என்றார் மெத்தைக்காரர். பூனையைக் கூப்பிட்டுப் பாலுக்குக் காவல் வைத்த கதை. டிரைவர் காலையிலேயே காரை விட்டுவிட்டு, லாரி வந்தால் நகர்த்துவதற்குச் சாவியையும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அவர் தெரு முனை திரும்பினாரோ இல்லையோ, பிளேடு வெளியே வந்துவிட்டது.

சீட்டின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தையலைப் பிரித்தார். தோல், அதற்கடியில் கம்பளி, அதற்கடியில் ஸ்பாஞ்சு. அவருக்குத் தெரியாத சரக்கு எதுவும் இல்லை. அதற்கும் அடியில் காற்றுப் பை மாதிரி ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது.

"ரகசியம் இங்கதான் இருக்கு," என்று இழுத்தார்.

சீட்டுக்குள்ளிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. மெத்தைக்காரரின் கண் முன்னாலேயே சகலையின் பின்சீட்டு ஒரு பக்கமாகக் கீழே இறங்கிக்கொண்டே போனது.

"உசுரு போயிடுச்சுங்கய்யா," என்றார் தையல்காரம்மா.

"வாயைக் கழுவுங்க. அந்த உசத்தி ஸ்பாஞ்சை எடுத்துட்டு வாங்க."

கடையிலேயே விலை கூடின ஸ்பாஞ்சை வெட்டி உள்ளே திணித்தார்கள். இப்போது இறங்கின பக்கம் மற்ற பக்கத்தைவிடத் தூக்கிக்கொண்டது. உட்கார்ந்து பார்த்தார். கதவோரமாகச் சரிந்தார். சரி, அந்தப் பக்கத்தையும் உயர்த்திவிடலாம் என்று அங்கேயும் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் உயர்ந்ததும் நடுவில் பள்ளம் விழுந்தது. நடுவை மேல்பக்கமாகவே பிரித்து நிரப்பினார்கள். மறுபடியும் உட்கார்ந்து பார்த்தார். தலை போய்க் கூரையில் இருந்த நட்சத்திரத்தில் இடித்தது.

"ஒண்ணு செய்யலாங்கய்யா. உங்க சகலை கொஞ்சம் குள்ளம்தானே?"

"என்னைவிட உயரம்."

"அப்போ குனிஞ்சு வருவாரு. பணிவா இருக்கும்."

வைத்ததையெல்லாம் எடுத்து, சீவி, மறுபடியும் திணித்து ஒரு வழியாக மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். தைக்கலாம் என்று பார்த்தால், அந்தத் தோலின் நிறத்தில் கடையில் நூல் இல்லை. இருந்தது மெத்தை தைக்கிற சிவப்பு நூல்தான். அதிலேயே தைத்தார் தையல்காரம்மா. அழகான தையல்தான், நாலு வீடு தள்ளியிருந்தே தெரிந்தது. அதை மறைக்க மெத்தைக்காரர் கடையிலிருந்து பூப்போட்ட விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து சீட்டு மேல் போட்டார். அத்தனை கோடிக் கார், தங்கும் விடுதிக் கட்டில் மாதிரி ஆகிவிட்டது.

இத்தோடு விட்டிருக்கலாம். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கடைசியாக ஒரு தடவை சோதிக்க ஆசைப்பட்டார். ஏறி உட்கார்ந்து, முதுகு பிடித்துவிடுகிற பொத்தானை அமுக்கினார்.

முதுகில் ஒன்றும் நடக்கவில்லை. கீழே, இடது பக்கம் மட்டும், யாரோ அம்மி கொத்துவது மாதிரி ஆரம்பித்தது. நிறுத்துகிற பொத்தானை அமுக்கினார். இன்னும் வேகமாகக் கொத்தியது. அந்த நேரத்தில் டிரைவர் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பல் குத்திக்கொண்டே உள்ளே வந்தார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி மெத்தைக்காரர் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், உள்ள உக்காந்திருக்கீங்க?"

"சு-சு-சும்மாத்தான்."

"ஏன் சார் ஆடறீங்க?"

"கு-கு-குளிருது."

கிடங்கில் அனல் அடித்துக்கொண்டிருந்தது. டிரைவர் அவரைப் பார்த்தார். பூப்போட்ட விரிப்பைப் பார்த்தார். தையல்காரம்மா கையில் இருந்த ஊசியையும் அதில் தொங்கின சிவப்பு நூலையும் பார்த்தார். கையை நீட்டி ஏதோ ஒரு பொத்தானைத் தொட்டார். அம்மி நின்றது.

"ஐயாகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க," என்றார் மெத்தைக்காரர்.

"நான் எதைப் பார்த்தேன் சார் சொல்றதுக்கு?"

சாயங்காலம் சகலை மனைவியோடு வந்தார். மெத்தைக்காரரின் மனைவியும் வீட்டிலிருந்து வந்து சேர்ந்தாள். சகலை விரிப்பைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"தூசி படாம இருக்கட்டுமேன்னு போட்டேன் சகலை. எங்க கடை அன்பளிப்பு."

சகலை பின்சீட்டில் ஏறக் காலைத் தூக்கினார். மெத்தைக்காரர் பாய்ந்து குறுக்கே புகுந்தார். அந்தச் சீட்டைச் சகலையின் இடுப்பு ஒரு நிமிஷம் சோதித்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"இன்னிக்கு நான் பின்னாடி உக்காந்துக்கறேன் சகலை. போன தடவை முன்னாடி உக்காந்தேன் இல்ல?"

"என் கார்ல நானே முன்னாடியா?"

"இருக்கட்டும் விடுங்களேன்," என்றாள் அக்காக்காரி. "ஆசைப்படறாரு."

சகலை முறைத்துக்கொண்டே முன்னால் போய் உட்கார்ந்தார். கார் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அவரே நடுக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டார். கோபம் போலிருக்கிறது.

மெத்தைக்காரர் இருப்பதிலேயே மேடான இடமாகப் பார்த்துத் தானே உட்கார்ந்துகொண்டார். பாவத்துக்குத் தண்டனையாக இருக்கட்டும். மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கு, தாயே, தூங்கு. என் கடை ஸ்பாஞ்சில் ஒரே ஒரு தடவை நன்றாகத் தூங்கிவிடு. அந்த ஆசை நெஞ்சு நிறைய இருந்தது. கார் போவதே தெரியாமல் போனது. காலையிலிருந்து குனிந்து நிமிர்ந்த களைப்பில் அவரும் ஒரு நிமிஷம் கண்ணை மூடினார்.

திறந்தபோது விழா மண்டபத்தின் வாசலில் கார் நின்றிருந்தது. முன்னாலிருந்து சகலை சோம்பல் முறித்துக்கொண்டு இறங்கினார். நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

மெத்தைக்காரர் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். மனைவி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. அவளுக்கு அந்தப் பக்கம் அக்காக்காரி தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

 போன வாரம் இதே காரில் குழந்தை மாதிரி தூங்கினவள். பொல்லாத பொறாமையால் அந்த ஒரு தூக்கத்தையும் அவரே கெடுத்துவிட்டார். இனிமேல் யாருக்காக மறைப்பது?

இறங்கினார். நேராகச் சகலையிடம் போனார்.

"சகலை, உங்க பின்சீட்டைப் பிரிச்சுட்டேன்."

"எதை?"

"பின்சீட்டை. உள்ள இருந்ததை எடுத்துட்டு எங்க கடை ஸ்பாஞ்சை வச்சுத் தச்சிருக்கேன். விரிப்பைத் தூக்கிப் பாருங்க."

சகலை தூக்கிப் பார்த்தார். சிவப்புத் தையலைக் கண்டதும் காரில் சாய்ந்துகொண்டார். வேலியில்லாத மேய்ச்சலில் வளர்ந்த மாடு, கடைசியில் மெத்தைக் கடையில் கீறல் வாங்கிவிட்டது.

"ஏங்க இப்படிப் பண்ணினீங்க?" என்றாள் மனைவி.

"பொறாமைதான். இல்லன்னு சொல்லல. என் மெத்தையில வராத தூக்கம் உனக்கு இதுல வந்துதே. உள்ள என்ன இருக்குன்னு பார்த்து, அதே மாதிரி உனக்கு ஒண்ணு செஞ்சு போடலாம்னு நினைச்சேன். இப்ப இதுலயும் உன் தூக்கம் போச்சு. என் சரக்கு அவ்வளவுதான் போலிருக்கு. கடையை மூடிடலாமான்னு தோணுது."

மனைவியின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "நான் அன்னிக்கே சொல்ல வந்தேங்க," என்று ஆரம்பித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் மேலே சொல்ல வாய் வரவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா டிரைவரைப் பார்த்தாள்.

டிரைவர் பின்கதவை மெதுவாகத் தொட்டார். அது தானாக மூடிக்கொண்டது.

"சீட்டு பாவம் சார், அதுக்கு ஒண்ணும் தெரியாது," என்றார். "அன்னிக்கு நீங்க என் பக்கத்துல உக்காந்து விட்ட குறட்டை பின்னாடி கேட்கக் கூடாதுன்னு, அந்தக் கண்ணாடியை ஏத்தச் சொன்னதே உங்க வீட்டம்மாதான்."