பூட்டிக்கொண்ட பிரேக்கும் தாமதமாக வந்த மாப்பிள்ளையும்

சாங்வொன்,
ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்குரிய பெரிய மாமா அவர்களுக்கு,

செர்ரிப் பூக்கள் கொட்டிக்கொண்டிருக்கும் இந்த வேளையில் தங்கள் முழங்காலும், அத்தையின் ரத்த அழுத்தமும், தோட்டத்துக் கன்றுகளும் கட்டுக்குள் இருக்க வேண்டுமென்று வணங்கி எழுதுகிறேன். மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மாலையிலிருந்து நீங்கள் என் போனை எடுக்கவில்லை. அதனால்தான் காகிதம்.

நேற்று மாசான் ஓட்டலில் பெண் வீட்டாரும் நம் வீட்டாரும் முதன்முதலாகச் சந்தித்த விருந்துக்கு, மாப்பிள்ளையாகிய நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக, அம்மாவோடும், தலையெல்லாம் வெள்ளித்தாள் சுற்றிய இன்னொரு பெண்மணியோடும் வந்து இறங்கினேன். அப்பா இல்லாத குறைக்கு அவர் இடத்தில் உட்கார்ந்திருந்த நீங்கள், அத்தனை நேரமும் பெண்ணின் அப்பா பாங் ஐயாவுக்கு பார்லித் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தீர்களாம். என்னைத் தனியாக இழுத்துப்போய் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: "ஏன்டா, என் மருமகன் பிரேக் எஞ்சினியர்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறேன். உனக்கு ஒரு காரை நகத்தத் தெரியலையா?" தெரியும் மாமா. நகரக் கூடாது என்றே செய்யப்பட்ட காரைத்தான் நகர்த்தத் தெரியவில்லை. இரண்டும் வேறு. முழுசாகப் படியுங்கள், பிறகு பாங் ஐயாவுக்குப் போன் செய்யுங்கள். இந்தச் சம்பந்தம் இப்போது உங்கள் வாய்ப்பேச்சில்தான் நிற்கிறது.

எங்கள் குடியிருப்பைக் கட்டியவர்கள் இங்கே ஆளுக்கொரு கார் வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. இடம் கிடைக்காதவர்கள் வரிசைக்குக் குறுக்கே நிறுத்துவார்கள். கியரை நியூட்ரலில் போட்டு, பிரேக்கை விட்டுவிட்டு, ஸ்டியரிங்கை நேராக்கி, மாடிக்குப் போய்விடுவார்கள். உள்ளே மாட்டியவன் அதைக் கையால் தள்ளிவிட்டுத் தன் வண்டியை எடுத்துப் போக வேண்டும். நாடு முழுக்க நடப்பதுதான், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிரேக்கைப் படித்தவன் கண்ணால் ஒருமுறை பாருங்கள்: ஒன்றரை டன் இரும்பைப் பிரேக் போடாமல் சரிவின் விளிம்பில் விட்டுவிட்டு இவர்கள் சோறு சாப்பிடப் போகிறார்கள்! போன குளிர்காலத்தில் ஒரு கார் தள்ளிய வேகத்தில் நிற்காமல் சரிவில் இறங்கிப் பழைய துணி போடும் பெட்டியில் மோதியது. யாருக்கும் அடியில்லை. எனக்குத்தான் தூக்கம் போனது. குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து, இது காட்டுமிராண்டித்தனம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். இன்ஜினை அணைத்ததும் தானே சக்கரத்தைப் பூட்டிக்கொள்ளும் பிரேக்கைப் பற்றி, அதாவது பகலெல்லாம் நான் கட்டி அழுகிற பிரேக்கைப் பற்றி, படம் போட்டு விளக்கினேன். கை தட்டினார்கள். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நம் ஆட்கள் கேட்டு நடக்கப் போகிற விஷயத்துக்கு எப்போது கை தட்டியிருக்கிறார்கள்?

அன்றிலிருந்து யார் கார் வாங்கினாலும் என்னிடம் வந்தார்கள். எனக்கா அபிப்பிராயத்துக்குப் பஞ்சம்? சின்ன கார் போதும், ஆனால் மேடு ஏறும்போது ஏ.சி.யை அணைத்துவிட்டுச் சாமி கும்பிட வேண்டும், நானே வைத்திருந்து பட்டிருக்கிறேன் என்றேன். எங்கள் மாமாவின் நீல லாரி, மூட்டை ஏற்றினால் தேவதை, காலியாகப் போனால் கிறுக்குப் பிடித்த ஆடு என்றேன். உயரமான பெரிய வண்டி வாங்குகிறவன் அதைக் கொண்டு ஏறுகிற ஒரே மலை சூப்பர்மார்க்கெட்டின் சாய்தளம் என்றேன். எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள், பிரேக் மட்டும் தானே பூட்டிக்கொள்வதாக இருக்கட்டும் என்று முடித்தேன். வாங்கினார்கள் மாமா! அதுதான் இன்றுவரை என்னால் நம்ப முடியாத அதிர்ச்சி. நான் சொன்னதை ஜனங்கள் அப்படியே செய்துவிட்டார்கள்.

நேற்று காலை அம்மாவும் நானும் உடுத்திக்கொண்டு கீழே வந்தால், என் காருக்குக் குறுக்கே ஆறாவது மாடி கும் ஐயாவின் புத்தம்புதுக் கார். கை வைத்துத் தள்ளினேன். ஒரு மயிரிழைகூட அசையவில்லை. தொழில்முறையில் பெருமைப்பட வேண்டிய தருணம். குடியிருப்புக் காவலர் வந்தார், பந்து விளையாடிக்கொண்டிருந்த ஆட்கள் வந்தார்கள், அம்மாவும் புதுச் செருப்போடு பம்பரில் கை வைத்தார். "ஏலேலோ" போட்டுத் தள்ளினோம். எங்கள் செருப்பு தேய்ந்து நாற்றம் வந்ததே தவிர வண்டி வரவில்லை. "தம்பி, காட்டுமிராண்டியா இருந்தப்போ இதை நான் ஒத்தைக் கையால தள்ளுவேன்" என்றார் காவலர். வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த கும் ஐயாவின் எண்ணுக்குப் போன் செய்தேன்.

"யாரு? ஓ, பிரேக் தம்பியா! கவலையே படாதீங்க, நல்லா பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன்."

"ஐயா, அதுதான் கவலை. எங்க இருக்கீங்க?"

"மலை உச்சியில. காத்து என்னமா அடிக்குது தெரியுமா! கட்டிட்டு வந்த கிம்பாப் சோத்துப் பொட்டலத்தைக்கூட இன்னும் பிரிக்கல."

"சாவி?"

"என்கிட்டதான் பத்திரமா இருக்கு. இதோ, கேக்குதா?"

ஆட்டிக் காட்டினார். கேட்டது.

டாக்ஸியா? ஜின்ஹேயில் பூத் திருவிழா. ஊரிலுள்ள அத்தனை டாக்ஸியும் பூ பார்க்கப் போய்விட்டது. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. நான் நடுத்தெருவில் நின்று வாய்க்கு வந்தபடி கத்திக்கொண்டிருந்தபோதுதான், சலூன் வைத்திருக்கும் பியோ அக்கா தன் முடிக்குச் சாயம் பூசி வெள்ளித்தாள் சுற்றிய கோலத்தில் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். அவருடைய சின்ன காரை நான் ஒருமுறை ஹெல்மெட் என்று சொல்லியிருந்தேன்.

"பொண்ணு வீட்டு விருந்துக்கா? ஏறுங்க. ஹெல்மெட்டுதானே, தலையைக் குனிஞ்சு ஏறுங்க."

"அக்கா, உங்க தலை?"

"என் தலைக்கு இன்னும் நேரமிருக்கு. உங்க தலைக்குத்தான் இல்ல."

வழியில் பாலத்து ஏற்றத்தில் ஏ.சி.யை அணைத்தோம். அம்மா நிஜமாகவே சாமி கும்பிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். முதலில் இறங்கியவர் பியோ அக்கா என்பதால் பாங் ஐயா அவரை நம் குடும்பத்துப் பெரியவர் என்று நினைத்து இடுப்பு வளைய வணங்கி, கையோடு கூட்டிப்போய் நடு இருக்கையில் உட்கார வைத்துவிட்டார். வெள்ளித்தாளைப் பெண்ணின் அம்மா எங்கள் பக்கத்துச் சடங்கு என்று எண்ணிக்கொண்டாராம். அக்காவும் எழுந்து போனாரா என்றால் இல்லை. மீனைப் பிய்த்துப் பிய்த்து எல்லார் தட்டிலும் வைத்துக்கொண்டே, "இந்தத் தம்பிதாங்க எங்க ஊர் காரையெல்லாம் பூட்ட வச்சவரு" என்று ஒன்று விடாமல் சொன்னார். சாயம் நேரம் தவறி இப்போது அவர் முடி பழுத்த பூசணி நிறத்தில் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் அதே நிறம் கேட்கிறார்களாம். அது வேறு கதை.

நீங்கள் பில் கட்டப் போயிருந்தபோது நடந்தது மட்டும் உங்களுக்குத் தெரியாது. அதுவரை வாயே திறக்காத பாங் ஐயா என் பக்கம் திரும்பினார்.

"வண்டியை நிறுத்துறதுதான் உங்க வேலையா?"

"ஆமாங்க."

"அப்போ இன்னிக்கு வேலை நல்லா நடந்திருக்கு."

சிரிக்கவில்லை மாமா. அது பாராட்டா, நக்கலா, பெண் கிடையாது என்பதன் நாகரிகமான வடிவமா? அவர் மகள் சோயுலிடம் கேட்டால், "எங்கப்பா திட்டினா பரவால்ல, பேசாம இருந்தாத்தான் பயம். இப்ப பேசாமத்தான் இருக்காரு" என்கிறாள். நான் அளந்து பார்க்கக்கூடிய எதைக் கண்டும் பயந்ததில்லை. இந்த மனிதரின் முகத்தை எதைக் கொண்டு அளப்பது?

ஆகவே நீங்கள் போன் செய்து, பையன் பொறுப்பில்லாதவன் அல்ல, பொறுப்பு அதிகமாகித்தான் மாட்டிக்கொண்டான் என்று சொல்லுங்கள். என் தரப்பில் சத்தியம் செய்கிறேன்: இனி எவர் கேட்டாலும் காரைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். பிரேக் பிரிவை விட்டுக் கண்ணாடி துடைப்பான் பிரிவுக்கு மாற்றல் கேட்கப் போகிறேன். அது பூட்டிக்கொண்டால் யார் கல்யாணமும் நிற்காது.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் ஆசீர்வாதம் எப்போதும் என் தலைமேல் இருக்கட்டும், கோபம் மட்டும் சீக்கிரம் இறங்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
ஊ ஜின்தே

பி.கு.: பாங் ஐயாவுக்குப் போன் செய்யாதீர்கள். உறையை ஒட்டப் போனபோது அவரே கூப்பிட்டுவிட்டார். என்னை "மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிட்டார், பக்கத்தில் நின்ற அம்மாவுக்கே கேட்டது. தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தையில்லை. பழைய காரை மாற்றப் போகிறாராம், எதை வாங்கலாம் என்றார். அவர் குடியிருப்பிலும் இடம் கிடையாது, குறுக்கே நிறுத்தித்தான் தள்ளுவார்களாம். தானே பூட்டிக்கொள்வதைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். வெகுநேரம் பேசினோம். சக்கரம், பம்பர் எல்லாம் பேசி முடித்ததில் கல்யாணத் தேதி கேட்க மறந்துபோனது. அதை மட்டும் நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.