மூணு விழாத பகடை

ஏழு பேர் பார்க்கிற வீடியோவில் ஏழாயிரம் பேர் பார்ப்பதுபோலச் சிரித்துக்கொண்டு பேசுவதற்குக் கொஞ்சமாவது வெட்கம் கெட்டிருக்க வேண்டும். எனக்கு அது தாராளமாகவே உண்டு. அந்த ஏழு பேரில் ஒருவர் எங்கள் பக்கத்து மங்களூரில் இருக்கும் என் அம்மா, ஒருத்தி திட்டக்குடியில் இருக்கும் என் நாத்தனார் விஜயா, இன்னொருவர் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு செல்லைப் பார்க்கிற என் வீட்டுக்காரர். இது தெரிந்தும் "வணக்கம் மக்களே!" என்றுதான் ஆரம்பிப்பேன். இந்த வீடியோவால் ஒரு நாள் கோயில் வாசலில் நான் பட்ட அசிங்கத்தைத்தான் இங்கே எழுதப்போகிறேன். எழுதிவிட்டு வருத்தப்படுவேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மைகளுக்குப் பெயிண்ட் அடிப்பது என் வேலை. என் வீட்டுக்காரர் அதே பேட்டையில் சூளைக்குள் பொம்மை அடுக்குகிறவர். மூக்கு லேசாகக் கோணிய பிள்ளையார், தும்பிக்கை மழுங்கிய யானை என்று கழித்துக்கட்டியவற்றை வாங்கிவந்து, நன்றாக வர்ணம் தீட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் லைவ் வீடியோ போட்டு விற்பேன். (விற்பேன் என்பது பேச்சுக்குச் சொல்வது. காட்டுவேன் என்பதுதான் சரி.)

அந்தச் சமயத்தில்தான் சக்கரம் சுற்றுகிற வீடியோ ஒன்று என் கண்ணில் பட்டது. பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு நம்பரைத் தட்டிப் போடுகிறார்கள், ஹார்ட் ஹார்ட்டாக அனுப்புகிறார்கள், சக்கரம் சுற்றி ஏதோ ஒரு நம்பரில் நிற்கிறது, ஜெயித்தவருக்கு மிக்சியாம். அந்த ஆள் முகத்தைப் பார்த்தால் மிக்சி கொடுப்பவர் மாதிரியே இல்லை. ஆனாலும் ஊரே உட்கார்ந்து பார்க்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. கொடுக்காத மிக்சிக்கு இவ்வளவு கூட்டமென்றால், கையில் இருக்கிற பொம்மைக்கு எவ்வளவு கூட்டம் வரும்?

மறுவாரமே செல்லில் ஒரு சக்கரத்தை இறக்கிச் சுற்றினேன். எங்கம்மாவே போன் போட்டாள்.

"ஏன்டி, செல்லுல சுத்தறத எவன்டி நம்புவான்? நீயே உள்ள ஏதாச்சும் பண்ணிக்கிட்டா?"

பெற்ற தாயே கேட்ட பிறகு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி, கள்ளமே இல்லாத ஒரு பகடையை என் கையாலேயே செய்வேன் என்று கிளம்பினேன். பேட்டையில் வேலை செய்கிறவள் கடையில் போய்ப் பகடை வாங்கினால் அது கேவலம் இல்லையா? (கடையில் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

பொம்மை எப்படிச் செய்வோமென்றால், மாவு மாதிரி கரைத்த மண்ணை மோல்டில் ஊற்றுவோம். ஓரமெல்லாம் ஒட்டிக் கெட்டியானதும் மோல்டைக் கவிழ்த்து மிச்சக் கரைசலை வடித்துவிடுவோம். அதனால்தான் பொம்மை உள்ளே வெற்றாக, எடை இல்லாமல் இருக்கும். நானும் பெரிய எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு சதுர மோல்டு தயார்செய்து கரைசலை ஊற்றினேன். ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போனேன். அன்றைக்கென்று பக்கத்து யூனிட்டில் யாருக்கோ பிறந்தநாள், கேக் வெட்டினார்கள். திரும்பி வந்து ஏதோ வடித்தேன், வடிந்த வரைக்கும் போதும் என்று வாயை மண்ணால் அடைத்தேன். காய்ந்ததும் புள்ளி வைத்து, பளபளவென்று மெருகுப் பூச்சும் கொடுத்தேன். அடிப்பக்கத்துக்கு மட்டும் பூச்சு கிடையாது. பூசினால் சூளையில் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். அந்த அடிப்பக்கத்தில்தான் மூன்று புள்ளிகள் இருந்தன.

சூளையிலிருந்து வந்த பகடையை வீடியோவில் நாலாப்பக்கமும் திருப்பிக் காட்டினேன். "இது என் கையால செஞ்சது மக்களே! இதுல மோசடிங்கிற பேச்சுக்கே இடமில்ல. நம்பரப் போடுங்க. நூறு ஹார்ட்டு சேர்ந்ததும் உருட்டுவேன். விழுற நம்பர முதல்ல போட்டவங்களுக்கு, மேசையில இருக்கற பொம்மையில எது வேணுமோ அது!"

உருட்டினேன். நாலு விழுந்தது. ஜெயித்தது எங்கம்மா.

அடுத்த வாரமும் நாலு. எங்கம்மா. அதற்கடுத்த வாரமும் நாலு. எங்கம்மா. நான் "வணக்கம் மக்களே" சொல்வதற்கு முன்பே அவள் நாலைப் போட்டுவிடுவாள். காரணம் கேட்டபோது, "நான் பெத்தது நாலு பொண்ணு. நாலுதான் போடுவேன்" என்றாள். நடுவில் ஒரே ஒரு வாரம் இரண்டு விழுந்தது. அன்று இரண்டை ஒருவரும் போடவில்லை.

எனக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வரவில்லை. அம்மாவுக்கு ராசியான கை என்று நினைத்தேன். பார்க்கிறவர்களுக்கு வந்தது. "குடும்ப லாட்டரி" என்று ஒருவர் எழுதினார். "அம்மா, மேசையையும் எடுத்துட்டுப் போங்க" என்று இன்னொருவர். பொறாமை பிடித்தவர்கள் என்று சொல்லி இரண்டு பேரையும் தூக்கிவிட்டேன். (ஏழு பேரில் இரண்டு பேர் போவது சாதாரண நஷ்டமில்லை.)

விஜயா மட்டும் எதுவும் சொல்லாமல் ஒவ்வொரு வாரமும் மூன்று என்று போட்டுக்கொண்டே இருந்தாள். அவள் குறி மேசையில் இருந்த தவழும் கண்ணன் பொம்மை. எங்கம்மா யானை, முயல், பேனா ஸ்டாண்டு என்று அள்ளினாளே தவிர, கண்ணனைத் தொடவில்லை. அவள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. எனக்கே பாவமாகப் போய் ஒரு நாள் விஜயாவுக்குப் போன் போட்டேன்.

"பேசாம அந்தக் கண்ணன எடுத்துட்டுப் போ விஜயா. அடுத்த வாரம் உங்க அண்ணன்கிட்ட குடுத்து வுடறேன்."

"வேணாம் அண்ணி. நீங்க குடுக்கறது வேற. தானா வுழுறது வேற."

"என்னா வேற? ரெண்டும் ஒரே பொம்மைதான?"

"வுழட்டும் அண்ணி. நான் போட்டுக்கிட்டே இருக்கேன்."

கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் குழந்தையில்லாத ஒருத்தி, தவழும் கண்ணன் தானாகத் தனக்கு விழ வேண்டும் என்கிறாள். இதற்கு அர்த்தம் புரிய மூளைகூடத் தேவையில்லை, காது இருந்தால் போதும். எனக்கு அன்று காதும் இல்லை. பிடிவாதக்காரி என்று நினைத்துப் போனை வைத்தேன்.

எட்டாவது ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுபடியும் நாலு. எனக்குக் கூட்டத்தைச் சிரிக்கவைக்க வேண்டும் என்கிற ஆசை. செல்லைப் பார்த்துக் கண்ணடித்து, "நம்ம விஜயாவுக்கு இந்த ஜென்மத்துல மூணு வுழாது போலிருக்கே மக்களே!" என்றேன்.

சிரிக்கிற மூஞ்சிப் படங்கள் வரிசையாக வந்தன. விஜயா வீடியோவை விட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பேட்டையில் கிளிக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் சூளையை விட்டு ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததேயில்லை.

"விஜயா கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போயிருக்காளாம். பிராது கட்டறதுக்கு. மச்சான் போன் பண்ணாரு."

"யார் மேல?"

"நேத்து அவள யாரு சந்தி சிரிக்க வச்சது?"

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டுவதென்றால் எங்கள் பக்கத்தில் விளையாட்டில்லை. போலீசுக்கு எழுதுகிற மாதிரியே தாளில் குறையை எழுதி, சாமிக்கு முன்னால் வைத்து, வேலில் கட்டிவிட்டு வருவார்கள். ஆடு திருடியவன் தானாக ஓட்டிவந்து கட்டிவிட்டுப் போவான் என்று சொல்வார்கள். போலீசையாவது பார்த்துப் பேசிக்கொள்ளலாம். கொளஞ்சியப்பராக இருக்கிற முருகனிடம் எப்படிப் பேசுவது?

பயம்தான். ஆனால் பயந்தால் கோபப்படுவது என் பழக்கம். நான் என்ன தப்புச் செய்தேன்? என் கையால் செய்த பகடை, எல்லோர் கண் முன்னாலும் உருட்டினேன். "வண்டிய எடுங்க" என்றேன். "அந்தச் சாமி முன்னாடியே உருட்டிக் காட்டறேன்." சாப்பாட்டுப் பையில் பகடையைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

விஜயா பிராதைக் கட்டி முடித்துவிட்டு வெளியே மர நிழலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "வாங்கண்ணி" என்றாள். அந்த நேரத்திலும் மரியாதை. அது என் கோபத்தை இன்னும் கிளப்பிவிட்டது.

தேங்காய்க் கடைக்காரரிடம் ஒரு தாம்பாளத் தட்டைக் கேட்டு வாங்கினேன். செல்லைத் தேங்காய்க் குவியலில் சாய்த்துவைத்து லைவ்வும் போட்டேன். (அதுதான் நான்.) "மக்களே! என் மேல சாமிகிட்டயே பிராது போயிருக்குது. இதோ கோயில் வாசல்ல நின்னு உருட்டறேன். உருட்ட உருட்ட ஆறு நம்பரும் மாறி மாறி வுழலன்னா, அப்புறம் கேளுங்க!"

உருட்டினேன். நாலு.

"இது சும்மா" என்று மறுபடி உருட்டினேன். நாலு. வேகமாகச் சுழற்றிவிட்டேன். தட்டில் டங்கு டங்கென்று ஆடி, மூன்று போல் காட்டி, திரும்பிப் படுத்தது. நாலு. கூட்டம் சேர்ந்தது. மொட்டையடிக்க வந்தவர்கள் பாதித் தலையோடு வந்து நின்றார்கள். நாலு. என் வீடியோவை அன்றுதான் முதல்முறையாக நூறு பேருக்கு மேல் பார்த்தார்கள். அதில் எங்கம்மா, "நான் நாலு போட்டிருக்கேன், எனக்குத்தான்" என்று எழுதியிருந்தாள்.

எட்டாவது நாலோ ஒன்பதாவது நாலோ விழுந்தபோது என் வீட்டுக்காரர் பகடையை எடுத்து உள்ளங்கையில் போட்டுத் தூக்கிப் பார்த்தார். அடிப்பக்கத்தை விரலால் தடவினார்.

"ஏம்மா, நீ கரைசல ஒழுங்கா வடிச்சியா?"

"வடிச்சேனே."

"என்னத்த வடிச்ச! முழுக்க அடியில உக்காந்திருக்குது. மூணு இருக்கற பக்கம் அம்மிக் கல்லாட்டம் கனக்குது. இது கீழதான் போவும், எதிர்ல இருக்கற நாலுதான் மேல வரும். மூணு ஆயுசுக்கும் மேல வராது."

லைவ் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு அதை நிறுத்தக்கூடக் கை வரவில்லை. இத்தனை வருஷம் மண்ணிலேயே புழங்குகிறவள், நூறு பேர் பார்க்க, சூளை ஆளிடம் வடிக்கத் தெரியாதவள் என்று பேர் வாங்கினேன். கூட்டத்தில் ஒருவர், "பெரிய ஃபிராடா இருக்கும்போல" என்றார்.

விஜயா கையை நீட்டிப் பகடையை வாங்கினாள். மூன்றை மேலே வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். அறையப்போகிறாள் என்று நினைத்தேன். அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது.

"என் மேல என்னா எழுதுன?" என்று மட்டும் கேட்டேன்.

"உங்க மேல நான் ஏன் அண்ணி எழுதறேன்? சாமியத்தான் கேட்டேன்."

"என்னன்னு?"

"வூட்ல நாங்க ரெண்டு பேரு இருக்கோம். மூணு ஏன் வுழ மாட்டேங்குது, வுழாதுன்னா அதையாச்சும் சொல்லிடுன்னு எழுதிக் கட்டுனேன்."

நான் கண்ணடித்துச் சொன்ன வார்த்தை என் காதிலேயே திரும்பக் கேட்டது. அசிங்கம் என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நூறு பேர் முன்னால் நாலு விழுந்ததெல்லாம் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

விஜயா பகடையைத் தட்டில் உருட்டினாள். நாலு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் லேசாக, பிறகு அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வர.

"அப்ப சாமி வுழாதுன்னு சொல்லல. உங்க மண்ணுதான் அண்ணி சொல்லிச்சு."

"மன்னிச்சுடு விஜயா" என்றேன். என் வாழ்க்கையில் அந்த வார்த்தையைச் சொன்ன மிகச் சில தடவைகளில் அது ஒன்று.

"கேட்டதுக்குப் பதில் வந்துருச்சு. இருங்க, ராஜினாமா கட்டிட்டு வந்துடறேன்" என்று பிராதைத் திரும்பப் பெறக் கோயிலுக்குள் போனாள். திரும்பி வந்து, எங்களோடு எங்கள் வீட்டுக்கு வந்து, மேசையிலிருந்த கண்ணனை விலை கேட்டு வாங்கினாள். இலவசமாகக் கொடுத்தபோது வாங்கவில்லை. "இப்ப இது வெறும் பொம்மைதான அண்ணி. அழகா இருக்குது, டிவி மேல வைப்பேன்" என்றாள். கூடவே பகடையையும் கேட்டு எடுத்துக்கொண்டாள்.

வீடியோவை நிறுத்திவிடு என்று உறவில் பாதிப் பேர் சொன்னார்கள். நிறுத்தவில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் லைவ் உண்டு, புதுப் பகடையும் உண்டு. என் வீட்டுக்காரர் கையில் தூக்கிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் உருட்டுகிறேன். அதற்கப்புறம் எங்கம்மா ஒரு பொம்மைகூட ஜெயிக்கவில்லை. பழைய பகடைதான் நேர்மையானது என்று அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

விஜயாவுக்குக் குழந்தை பிறந்ததா என்றுதானே அடுத்துக் கேட்கப்போகிறீர்கள்? எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும், காதுகுத்தானாலும், பந்தியில் யாராவது ஒருவர் இலையைப் போட்டதும் அதையேதான் கேட்பார்கள். "என்னா விஜயா, இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லியா?" எங்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் சோற்றில் கைவைக்காமல் அதற்காகவே காத்திருப்போம். விஜயா கைப்பையைத் திறந்து அந்தப் பழைய பகடையை எடுத்துக் கேட்டவர் இலைக்குப் பக்கத்தில் வைப்பாள்.

"உருட்டுங்க சித்தி. மூணு வுழுந்தா சொல்றேன்."