சட்டைப் பையில் வைத்த ஞாபகசக்தி

இந்தத் தீபாவளிக்கு என் வீட்டில் லேப்டாப் வந்தே தீரும் என்று நான் முடிவெடுத்தேன். முடிவெடுக்கிற உரிமை எனக்கு எப்போதும் உண்டு. அதை நிறைவேற்றுகிற உரிமை மட்டும்தான் என் மனைவி பாக்கியலட்சுமியிடம் இருக்கிறது.

என் பெயர் நாகமுத்து. சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. வீடு மலாக்கா பாயா ரும்புட்டில், வரிசை வீடு. ஆபீசில் என் எதிர் மேசைக்காரன் தனபாலன் போன மாதம் லேப்டாப் வாங்கினான். அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டான். மமாக் டீக்கடையில் தே தாரிக் குடிக்கும்போதுகூட அதைத் திறந்து வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்குகிறான். ஒருநாள் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். சீட்டு விளையாடிக்கொண்டிருந்தான். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சீட்டு விளையாட எனக்குத் தெரியாதா? லேப்டாப்தான் இல்லை.

என்னிடம் இருப்பது பன்னிரண்டு வயசுக் கம்ப்யூட்டர். மகள் ஷாந்தினி இடைநிலைப் பள்ளியில் ஃபார்ம் ஒன் போனபோது வாங்கியது. அவள் படித்து முடித்து ஜோகூருக்கு வேலைக்கும் போய்விட்டாள். இது இன்னும் ஹாலைவிட்டு நகரவில்லை. காலையில் பட்டனைத் தட்டிவிட்டுப் பல் விளக்கி, குளித்து, விபூதி பூசிக்கொண்டு வந்தால் அப்போதுதான் வணக்கம் சொல்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஒரு தீபாவளிக்கு ஒரு பெரிய சாமான்தான். சட்டம் போட்டது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"இந்த வருஷம் ஓவர்லாக் மிஷின்," என்றாள் பாக்கியம். அவள் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள். ஓவர்லாக் என்பது துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கிற மிஷின். அது இல்லாததால் தைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு பசார் பக்கத்துத் தையல் கடைக்கு ஓடுகிறாள்.

"இந்த வருஷம் லேப்டாப்," என்றேன்.

"இருக்கிற கம்ப்யூட்டருக்கு என்ன கேடு? நல்லாத்தானே ஓடுது?"

"ஓடலம்மா, தவழுது."

"தவழுதுல்ல? அப்ப உசுரு இருக்குலா. அது செத்துச்சுன்னா வாங்க, பேசலாம். அதுவரைக்கும் ஓவர்லாக்தான்."

ஆக, கம்ப்யூட்டர் சாக வேண்டும். அதில்தான் சிக்கல். அது மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் போதுமான அளவு மெதுவாக இல்லை.

யூடியூபில் தேடினேன். பழைய கம்ப்யூட்டரை வேகமாக்குவது எப்படி என்று ஒரு தம்பி விளக்கிக்கொண்டிருந்தார். பெட்டிக்குள்ளே ரேம் என்று ஒன்று இருக்கிறதாம். விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை. கம்ப்யூட்டரின் ஞாபகசக்தியே அதுதானாம். இன்னொன்று சேர்த்துப் போட்டால் வேகம் பிய்த்துக்கொண்டு போகுமாம். அந்த வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அத்தனை பேரும் அதை நேராகப் புரிந்துகொண்டார்கள். நான் ஒருவன்தான் தலைகீழாகப் புரிந்துகொண்டேன்.

சேர்த்தால் வேகம் என்றால், கழற்றினால்?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாக்கியம் யாருக்கோ அளவெடுக்கப் போயிருந்தாள். பெட்டியைத் திறந்தேன். இரண்டு பட்டைகள் இருந்தன. ஒன்றைக் கழற்றி ஆபீஸ் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோலப் பேப்பர் படித்தேன்.

பாக்கியம் வந்தாள். கம்ப்யூட்டரைத் தட்டினாள். தட்டியவள் உலை வைத்தாள், ரசம் வைத்தாள், அப்பளமும் பொரித்தாள். அப்புறம்தான் திரை தெரிந்தது. ஒரு பிளவுஸ் படத்தைத் திறந்தாள். கழுத்து வந்தது. கை வரவில்லை. அப்படியே உறைந்து நின்றுவிட்டது.

"என்னங்க இது, கழுத்தோட நிக்குது?"

"நான்தான் சொன்னேனே," என்று பெருமூச்சு விட்டேன். "வயசாயிடுச்சும்மா. பாவம்."

பாக்கியம் திரையைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என்னைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள்.

"சரிங்க. செத்துடுச்சுன்னா என்ன பண்றது? உங்களுக்கு லேப்டாப்பே வாங்கிடுவோம்."

இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் இவ்வளவு சுலபமாக எதற்கும் சரி என்றதில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம் வந்துவிட்டது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மூன்று தடவை ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஆபீசில் தனபாலனிடம் லேப்டாப் பை எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு வீடு திரும்பினேன். வாசலிலேயே பாக்கியம் சொன்னாள்.

"ஏங்க, சனிக்கிழமை சரஸ்வதி பூஜை. நம்ம திருச்செல்வம் தம்பியச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். அப்படியே பெட்டியத் திறந்து பாத்து, செத்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்பத்தானே எனக்கும் மனசு ஆறும்?"

திருச்செல்வம் இரண்டு வீடு தள்ளி இருப்பவன். வேலை, மலாக்கா டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர். அவன் பெட்டியைத் திறந்தால், ஒரு பட்டையின் இடம் காலியாக இருப்பதை அரை நொடியில் கண்டுபிடித்துவிடுவான். கழற்றிய பட்டையைத் திரும்ப மாட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று ஆணியைப் பார்த்தேன்.

ஆணி இருந்தது. சட்டை இல்லை. வெளியே கொடியில் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பையில் கை விட்டேன். தண்ணீர்தான் இருந்தது.

"பாக்கியம், என் சட்டையில ஏதாச்சும் இருந்துச்சா?"

"ஏதாச்சும்னா?"

"ஏதாச்சும்தான்."

"என்னன்னு சொன்னாத்தானே தெரியும்?"

"அது... ஒரு பேப்பர்."

"பேப்பர் ஒண்ணும் இல்லையே."

"பேப்பர்னா, கொஞ்சம் கெட்டியான பேப்பர்."

"கெட்டியான பேப்பரும் இல்லைங்க. ரொம்ப முக்கியமா? மிஷின் பின்னாடி கின்னாடி விழுந்திருக்கப் போகுது. நகத்திப் பாருங்களேன்."

வாஷிங் மிஷினை நகர்த்தினேன். பின்னால் நாலு காலுறையும் ஷாந்தினியின் பள்ளிக்கூட பேட்ஜும் பத்து வருஷத் தூசியும் இருந்தன. ரேம் இல்லை.

"நகத்துனதுதான் நகத்துனீங்க, அப்படியே ஒரு தடவை கழுவி விட்டுடுங்க," என்றாள் உள்ளேயிருந்து.

கழுவினேன். தரை காய்ந்தால்தானே தேட முடியும்?

வியாழக்கிழமை நான் கேட்காமலேயே சொன்னாள். "துவைச்ச துணியெல்லாம் ஸ்டோர் ரூம் வழியாத்தான் தூக்கிட்டு வந்தேன். அங்க பாத்தீங்களா உங்க கெட்டி பேப்பர?" ஸ்டோர் ரூமில் இருந்த அத்தனை சாமானையும் வெளியே எடுத்தேன். ஒவ்வொன்றாக உதறி, துடைத்து, திரும்ப அடுக்கினேன். மூன்று மணி நேரம் ஆனது. கிடைத்தது ஒரு பல்லி முட்டை.

"சோபாவுக்குக் கீழ?" என்றாள். சோபாவை நகர்த்திப் பெருக்கினேன்.

"காத்துல பறந்து ஃபேன் மேல போயிருக்குமோ?"

"பேப்பர் எப்படிம்மா ஃபேன் மேல போகும்?"

"நீங்கதானே பேப்பர்னீங்க? பேப்பர் பறக்காதா?"

ஏணி போட்டு ஏறி மூன்று ஃபேனையும் துடைத்தேன். அது பேப்பர் இல்லை, பறக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் பறக்காது என்று சொன்னால், பறக்காத அந்தப் பொருள் என்ன என்று அடுத்த கேள்வி வரும்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டேன். காரைக் கழுவி, சீட்டுகளைக் கழற்றித் தேடினேன். கடைசியில், மிஷின் தண்ணியோடு போயிருக்கலாமோ என்று அவள் யோசனை சொல்ல, வாசல் சாக்கடையில் இறங்கினேன். முழங்கால் வரைக்கும் சேறு. அந்த நேரம் பார்த்து திருச்செல்வம் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான்.

"என்னண்ணே, கோத்தோங் ரோயோங்கா?"

"ஆமாப்பா."

"ஊரே சேந்து செய்யறதுக்குப் பேருதான் கோத்தோங் ரோயோங். நீங்க தனியா இல்ல செய்யறீங்க?"

"மத்தவங்க வந்துட்டிருக்காங்க," என்றேன்.

"சரிண்ணே, நாளைக்கு வர்றேன். அக்கா கம்ப்யூட்டரத் திறந்து பாக்கச் சொன்னாங்க." போய்விட்டான். நான் சாக்கடைக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்து என்ன ஆகப்போகிறது? நாளைக்கு என் மானம் கப்பலேறப் போகிறது.

சனிக்கிழமை காலை. வீடு கண்ணாடி மாதிரி பளபளத்தது. பாக்கியம் குளித்து, பட்டுச் சேலை கட்டி, சரஸ்வதி படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தாள். சாம்பிராணி மணத்தது. சுண்டல் வெந்துகொண்டிருந்தது. திருச்செல்வம் வேட்டி கட்டிக்கொண்டு, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு வந்துவிட்டான்.

"முதல்ல பூஜை, அப்புறம் பெட்டி," என்று பாக்கியம் தாம்பாளத்தைக் கொண்டுவந்து சாமிக்கு முன்னால் வைத்தாள். வீட்டில் உபயோகப்படுகிற ஆயுதங்களையெல்லாம் துடைத்து, பொட்டு வைத்துச் சாமியிடம் வைப்பது எங்கள் வழக்கம். துணி வெட்டுகிற கத்தரிக்கோல் இருந்தது. அளவெடுக்கிற டேப் இருந்தது. கார் சாவி இருந்தது. நடுவில், மல்லிகைப் பூவுக்கு மேல், சந்தனமும் குங்குமமும் வைத்து, விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை.

கை தானாக நீண்டது.

"தொடாதீங்க!" என்றாள். "பூஜையில வச்சத நாளைக்குத்தான் எடுக்கணும்."

திருச்செல்வம் குனிந்து பார்த்தான். "அக்கா, என்னக்கா ரேமக் கழட்டிச் சாமிகிட்ட வச்சிருக்கீங்க?"

"நான் எங்கப்பா கழட்டுனேன்? உங்க அண்ணன்தான்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சரஸ்வதி தாயே, படிக்கிற காலத்தில் உன்னைச் சரியாகக் கும்பிடாதது தப்புதான் என்று மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

"பூஜைக்குச் சுத்தமாத் துடைச்சு வைக்கணும்னு அவரேதான் கழட்டிப் பத்திரமாப் பையில வச்சிருந்தாரு," என்றாள் பாக்கியம், முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லாமல். "அவரோட ஆயுதம் அதுதானே? இல்லீங்களா?"

"ஆமா," என்றேன். வேறு என்ன சொல்ல?

"பக்திண்ணே உங்களுக்கு," என்றான் திருச்செல்வம். "நேத்து சாக்கடை, இன்னைக்கு ரேம். அக்கா, பெட்டிக்கு ஒண்ணும் இல்லக்கா. இத மாட்டுனா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்."

அவன் பாயசம் குடித்துவிட்டுப் போன பிறகு பாக்கியத்திடம் போனேன்.

"நீ பேப்பர் இல்லைன்னியே?"

"இது பேப்பரா?"

"இல்ல."

"அப்ப நான் பொய் சொல்லலையே? சட்டைய ஊறப்போட எடுத்தேன். பையில இது இருந்துச்சு. ஷாந்தினிக்கு வாட்ஸ்ஆப்ல படம் எடுத்து அனுப்புனேன். என்னன்னு அவதான் சொன்னா."

"அப்ப ஏன் என்னைய மூணு நாளா அலைய விட்ட?"

"வருஷா வருஷம் பூஜைக்கு வீடு கழுவணும்னா உங்களுக்கு இடுப்பு வலி வந்துடும். இந்த வருஷம் வரலையே! சாமிதாங்க காப்பாத்துனாரு."

கோபப்படலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. அடுத்தவன் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றியவள் அவள்தான். உள்ளுக்குள் நன்றியாகக்கூட இருந்தது. அதனால்தான் மறுநாள் காலை அடுத்த தப்பைச் செய்தேன்.

மறுநாள் பட்டையில் இருந்த சந்தனத்தைத் துடைத்து, அதன் பொன்னிற ஓரத்தைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தேன். அதுவும் அந்த யூடியூப் தம்பி சொன்னதுதான். பாக்கியம் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தாள்.

"பரவாயில்லையே, இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்களே! இது எப்படிங்க உள்ள நிக்குது?"

என்னைப் புகழ்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு விளக்கினேன். "ரெண்டு பக்கமும் கிளிப் இருக்கு பாரு. ரெண்டையும் வெளிப்பக்கமா அமுக்குனா பட்டை தன்னால எழும்பி வந்துடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சின்னப் புள்ளகூடச் செய்யலாம்."

கம்ப்யூட்டர் முன்னைவிட வேகமாக ஓடியது. பிளவுஸுக்குக் கழுத்தும் வந்தது, கையும் வந்தது. அடுத்த வாரம் ஓவர்லாக் மிஷின் வந்தது. லாரியிலிருந்து இறக்கி உள்ளே தூக்கிக்கொண்டு வந்தவன் நான்தான்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. ஆபீஸ் விட்டு வந்து கம்ப்யூட்டரைத் தட்டினேன். காப்பி குடித்து முடித்தேன். திரை இன்னும் கறுப்பாகவே இருந்தது.

மிஷினில் தைத்துக்கொண்டே பாக்கியம் கேட்டாள். "என்னங்க, திரும்பவும் ஸ்லோவா இருக்கா?"

பெட்டியைத் திறந்தேன். ஒரு பட்டையின் இடம் காலியாக இருந்தது. மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தேன்.

"சமையல் ரூம் அலமாரிக்குப் பின்னாடி பாத்தீங்களா?" என்றாள்.

நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன்.