இறால் கண்டெய்னரில் எக்லேர்

எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் ஓட்டுகிறவர்களில் எக்லேருக்காகக் கண்ணீர் விட்ட மனிதர் ஒருவர்தான் இருக்க முடியும். அவரைப் பிரெஞ்சு மாமு என்போம். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

ஒருமுறை நுங்கம்பாக்கம் போனவர், அங்கே ஒரு கண்ணாடிக் கடையில் எக்லேர் வாங்கித் தின்றுவிட்டார். விரல் நீளத்துக்கு மெத்தென்ற பண்டம், உள்ளே க்ரீம், மேலே சாக்லேட். அன்றோடு மனிதர் கெட்டார். டீக்கடை பன்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். குரோசான் என்கிற மொறுமொறு பிறை ரொட்டியைக் காதோரம் வைத்து நசுக்கி, சத்தம் சரியில்லை என்று கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தார் என்றும் ஒரு பேச்சு உண்டு. நான் நம்புகிறேன்.

துறைமுக வரிசை நகராது. தூசியும் டீசல் புகையுமாக மற்ற டிரைவர்கள் உலகத்தையே திட்டிக்கொண்டிருப்பார்கள். அவருடைய கம்பெனியிலேயே காகிதக் கட்டோடு அலையும் குமாஸ்தாவான என்னைப் பிடித்து உட்காரவைத்து, மாமு சாக்லேட் பாடம் நடத்துவார்.

"கடிக்கக் கூடாது நைனா. நாக்குல வெச்சிக்கினு கம்முனு குந்து. அதுவா கரையும்."

எனக்கோ சர்க்கரை வியாதி. கேட்டாலே ஏறிவிடும் போலிருக்கும். எழுந்து போகவும் தெம்பில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவருக்கு இருந்தது ஒரே குறை. காசிமேட்டில் மீன் விற்கும் மனைவி ஸ்டெல்லா, ஓர் எக்லேரைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. ராயபுரம் வந்து சேர்வதற்குள் வெயிலில் சாக்லேட் உருகி வழிந்து, அட்டைப்பெட்டிதான் வீட்டுக்கு வரும். அந்த அம்மாள் அட்டையை வழித்துப் பார்த்துவிட்டு, கணவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முடிவுகட்டியிருந்தார். பிறந்தநாளுக்காவது உருகாத எக்லேர் கொடுத்தே தீருவது என்று மாமு கங்கணம் கட்டிக்கொண்டார்.

பிறந்தநாள் அன்றைக்கு அவருக்கு இறால் ஏற்றும் குளிர் கண்டெய்னர். சரக்கு ஏற்றி முடியும்வரை எக்லேரும் உள்ளே குளிரில் கல்லாகட்டும், அப்புறம் எடுத்துப் போகிற வழியில் வீட்டில் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, பெட்டியைக் கதவோரம் செருகினார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், கதவைச் சாத்தி சீல் வைத்துவிட்டார்கள்.

சீலை உடைத்தால் வேலை போகும். ஏற்றுமதி இறாலோடு தின்பண்டம் இருப்பது தெரிந்தாலும் போகும். வரிசையில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தார்.

"உள்ள மாட்டிக்கிச்சி நைனா. கப்பல் ஏறிடும்."

வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் போய்ச் சேர்வதற்கும், சுங்கச் சோதனைக்கு எங்கள் கண்டெய்னரைத் தேர்ந்தெடுப்பதற்கும் சரியாக இருந்தது. சீல் அறுபட்டது. அதிகாரி ரிப்பன் கட்டிய பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். நான் ஒரு நல்ல பொய்யைத் தேடிக்கொண்டிருந்தபோதே மாமு முந்திக்கொண்டார்.

"என்னுது சார். வூட்டுக்காரிக்குப் பொறந்த நாளு."

அப்படியானால் ஒன்றைத் தின்று காட்டச் சொன்னார் அதிகாரி. மாமு கல்லாகிப் போன எக்லேரைக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டார். எல்லோரும் காத்திருந்தோம்.

"இறா வாசன ஏறிக்கிச்சி சார்."

கண்ணில் தண்ணீர் நின்றது. அதிகாரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பெட்டியை எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்.

முதலாளி கத்தித் தீர்த்தார். வேலை தப்பியது, குளிர் வண்டி போயிற்று. இப்போது மாமு ஏற்றுவது பழைய இரும்பு.

ஆள் முகம் தொங்கிப்போயிருக்கிறாரே என்று மறுநாள் அவரோடு நானும் வீட்டுக்குப் போனேன். நடந்ததையெல்லாம் ஸ்டெல்லா கேட்டுக்கொண்டே, மீனுக்கு ஐஸ் போடும் தெர்மோகோல் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஐஸ் பொட்டி வூட்டுலயே கீது. ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல?"

மாமு அந்தப் பெட்டியைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அதைத் தாண்டித்தான் அவர் வேலைக்குப் போகிறார்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெட்டி பஸ் ஏறி நுங்கம்பாக்கம் போய்வந்தது. எக்லேர்கள் அலுங்காமல் வந்தன. ஸ்டெல்லா ஒன்றைத் தின்று முடிக்கும்வரை மாமு மூச்சே விடவில்லை.

"இதுக்காய்யா இத்தினி பேஜாரு?" என்று கேட்டுக்கொண்டே, ஸ்டெல்லா அடுத்ததற்குக் கை நீட்டினார். மாமுவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

எனக்கும் ஒன்று வந்தது. டாக்டர் என்ன சொல்வார் என்று தெரியும். கடிக்கவில்லை, நாக்கில் வைத்துக்கொண்டு கம்மென்று உட்கார்ந்திருந்தேன்.